வெட்டி ஒட்டிய குரல்

2025 ஜூலை 9, புதன்

இன்று ஒரு தூண்டில் ரீலைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நரம்பு சுற்றுகிற ஸ்பூலுக்கு அடியில் ஒரு முழு இறால் தலை. எத்தனை வாரத்து அழுகலோ. கறுத்து, களியாகி, கிரீஸோடு கலந்து – சீ. கொண்டுவந்தவர் பெரிய அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, செண்டு வாசனை. "சரியா சுத்த மாட்டேங்குது மேடம், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்" என்றார். எண்ணெயா? அதற்கு அடக்க ஆராதனை அல்லவா வைக்க வேண்டும்.

ரீல் பழுதுபார்க்க வருமுன், பல் டாக்டர்களுக்கு டிரில் சரிசெய்து கொடுத்த காலத்தில்கூட இவ்வளவு நாற்றத்தைக் கண்டதில்லை. தூண்டிலும் ரீலும் கையில் வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் கழுவுவதே கிடையாது. மீதிப் பேர் கார் கழுவுகிற இடத்தில் கொடுத்துப் பீச்சியடிக்கிறார்கள். உப்பு வெளியே போகவா செய்யும்? நேரே பேரிங்குக்குள் போய் உட்காரும். நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வைத்தால் ஆயிற்று. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதைவிடச் சுலபம். சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் அதே வெள்ளை உப்புப் பூப்போடு வந்து நிற்பார்கள்.

பெனிஸ்டன் ஆபீஸ் போகும் அவசரத்திலும் போனை நீட்டி அந்த இறால் தலையைப் படம் எடுத்தார். "இது நல்லா ஓடும்ளா!" புருஷனுக்கு எல்லாமே ஓட வேண்டும். துறைமுகத்தில் பார்க்கிற வேலை சம்பளத்துக்கு. உயிர், மீன்பிடி வீடியோ போடுகிற அவருடைய சேனலில்.

ஜூலை 14, திங்கள்

வேல்ராஜ் வந்திருந்தான். கடற்கரைச் சாலையில் தூண்டில் கடை வைத்திருக்கிறவன். தன் பெயரையே அச்சடித்து 'வேல்' என்று ஒரு ரீல் இறக்கியிருக்கிறான். கறுப்பும் தங்க நிறமுமாகப் பளபளவென்று, கல்யாண ஆல்பம் மாதிரி.

"தெறந்து பாத்து நல்லதா ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா" என்றான்.

திறந்தேன். கியர் பித்தளை இல்லை, நகத்தால் கீறினால் கோடு விழுகிற ஏதோ வார்ப்பு. அதுகூடப் போகட்டும். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுப்பதற்கு உள்ளே ஓர் உருளை பேரிங் உண்டு. அதைப் பிடித்திருக்கிற கூடு நல்ல ரீலில் கெட்டியாக இருக்கும். இதில் ஐஸ்கிரீம் கரண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக்.

"பெரிய மீன் இழுத்தா இது ஒடைஞ்சிரும். ஒடைஞ்சா கைப்பிடி காத்தாடி மாதிரி திருப்பிச் சுத்தும். விரலு இருந்தா விரலு போவும்" என்றேன். வேல்ராஜ், பெனிஸ்டன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத்தான் சொன்னேன்.

வேல்ராஜ் சிரித்தான். "நம்ம ஆளுக எங்கக்கா பெரிய மீனு புடிக்கப் போறாங்க?"

பெனிஸ்டன் சிரிக்கவில்லை. ஆனால் ரீலை வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார்.

ஜூலை 19, சனி

எழுதவே கூசுகிறது. எழுதாமல் விட்டாலும் தொண்டையிலேயே நிற்கும்.

புன்னைக்காயலில் வள்ளம் பேசியிருப்பதாகவும், கேமரா பிடிக்க ஆள் இல்லை என்றும் சொல்லிப் பெனிஸ்டன் என்னைக் கூட்டிப் போனார். வேல்ராஜும் வந்தான். வள்ளத்தில் ஏறும்போதே ஐஸ் பெட்டி கனமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் என்று நினைத்தேன்.

கரை மங்கலாகும் தூரம் போனதும் வேல்ராஜ் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பாறை மீன். என் இடுப்பு உயரம் இருக்கும். விடியற்காலை ஏலத்தில் வாங்கியதாம். கண் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அதன் வாயில் வேல்ராஜ் தூண்டில் முள்ளைக் குத்தினான் – கறக், கறக் என்று – சரியாக ஏறாமல் மூன்று இடத்தில் குத்தினான். பிறகு அதைக் கடலுக்குள் இறக்கினார்கள்.

என் புருஷன் அந்த வேல் ரீலைப் பிடித்துக்கொண்டு வளைகிறார், நிமிர்கிறார், "மக்களே! மக்களே! பாத்தியளா இழுவைய!" என்று கத்துகிறார். வேல்ராஜ் கேமராவில் விழாமல் வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு கையால் தூண்டில் நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுக்கிறான். அந்தச் செத்த மீனோடு என் புருஷன் மல்லுக்கட்டுகிறார். வேர்வைக்காக முகத்தில் கடல் தண்ணீரை வேறு தெளித்துக்கொண்டார்.

வள்ளக்காரர் பீடியைக் கடலில் எறிந்துவிட்டு, "செத்ததப் புடிக்கதுக்கு ஏன்டே இந்தப் பாடு?" என்று கேட்டார்.

மீன் மேலே வந்தது. செவுள் வெளுத்துப்போனது தெரியக்கூடாது என்று சிவப்புச் சாயம் தடவினார்கள். நான் கேமராவை வேல்ராஜ் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். "பொம்பளையாளுக்குக் கடலு ஒத்துக்கிடாது" என்றான் அவன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளும். நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

அந்த மீனை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மாமி குழம்பு வைத்தாள். மகன் பிடித்த மீன் என்று தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் கையில் அந்தச் சாயத்தின் வாடை. நான் அதைத் தொடவே இல்லையே.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொயரில் பாடுகிற ஜாஸ்லின் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, வீடியோவுல எவ்வளவு அழகாப் பேசுதிய! நீங்க சொன்னதக் கேட்டு எங்க வீட்டுக்காரரும் அந்த வேல் ரீல வாங்கிட்டாரு."

நான் என்ன பேசினேன்?

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பாறை மீன் வீடியோதான். நடுவில் என் மேஜை, என் விரல்கள், என் குரல். "உள்ள எல்லாம் பித்தளை கியர். கண்ண மூடிட்டு வாங்கலாம். பத்து வருசத்துக்கு அசையாது."

என் குரல்தான். ஆனால் சொன்னது வேல் ரீலை இல்லை. போன வருஷம் ஒரு டாக்டர் தன் பழைய ஜப்பான் ரீலைச் சர்வீசுக்குக் கொடுத்தபோது ஆசையாகச் சொன்னது. பெனிஸ்டன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார். இப்போது அதை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார். என் விரல்கள் டாக்டர் ரீலின் மூடியைத் திறக்கின்றன. அடுத்த நொடி மேஜைமேல் பளபளவென்று வேல். இடையில் இருந்த வெட்டு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

என்னுடைய வாய்க்குள் யாரோ கையை விட்டு நாக்கைப் பிடுங்கி அவன் வாயில் வைத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

கேட்டேன்.

"நீ சொன்னதுதானளா? நான் என்ன பொய்யா சேத்தேன்?"

"எதைப் பத்திச் சொன்னேன்?"

"எல்லாரும் செய்யுதாங்க ஜெப்ஸி. இப்படித்தான் இது ஓடும். வேல்ராஜுக்கு நான் வாக்கு குடுத்துட்டேன்."

மாமி அடுப்படியிலிருந்து, "ஏளா, புருசன் பேரு வெளங்குனா ஒனக்கும்தான பெரும? அதுல போயி பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் கணக்குப் பாக்க" என்றாள். சாத்தான்குளத்தில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள். அற்புதமணி டீச்சர் என்றால் பிள்ளைகள் ஒரு சந்திப்பிழை போடப் பயப்படும். அவள் இப்படிச் சொல்லுகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊரெல்லாம் கூட்டம், பஸ் இல்லை. யாரும் ரீல் கொண்டுவரவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏரலிலிருந்து அய்யாக்குட்டி அண்ணாச்சி வந்தார். தையல்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்று முகத்துவாரத்தில் கொடுவாய் மீனுக்குத் தூண்டில் போடுவார். ரீலைத் துடைத்து, பழைய சட்டைத் துணியில் அவரே தைத்த பையில் போட்டுத்தான் கொண்டுவருவார். என்னிடம் வருகிறவர்களில் மூக்கைப் பொத்தாமல் நான் திறக்கிற ரீல் அவருடையது ஒன்றுதான்.

இன்றும் பையோடு வந்தார். வலது கையில் கட்டு. நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் தகடு வைத்துக் கட்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"நல்ல மீனும்மா. நரம்ப அத்துக்கிட்டு ஓடப் பாத்துச்சு. நான் வலது கையாலதான சுத்துவேன். டப்புனு ஒரு சத்தம். கைப்பிடி திருப்பிச் சுத்துது பாத்துக்கோ, நான் கையெடுக்கதுக்குள்ள அடிச்சிட்டு. எலும்பு ரெண்டுலயும் விரிசலாம்."

பையை அவிழ்த்தேன். வேல் ரீல். திறக்கும்போதே பிளாஸ்டிக் தூள் மேஜையில் கொட்டியது. கூடு இரண்டாக உடைந்து, உருளைகள் கிரீஸில் சிதறிக் கிடந்தன. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் இறுக்கத்த சரியா வைக்கலியோ? எம்மேல தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. நீ நல்ல ரீலுன்னு சொன்னதாலதான் வாங்கினேன். ஒன்னயத் தப்பாச் சொல்ல மாட்டேன்."

கோபமாக வந்திருக்கலாம். திட்டியிருக்கலாம். தன் தப்பைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். கத்தரி பிடிக்கிற கை. தீபாவளித் துணி வந்து குவியப்போகிற நேரம்.

"அண்ணாச்சி, அதுல பேசினது நான்தான். ஆனா இந்த ரீலப் பத்திப் பேசல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். செத்த மீனையும் சொன்னேன். அவர் காலிப் பையை இடது கையால் மடித்து மடியில் வைத்தார். பிறகு, "அப்போ அது மீனு இழுத்த இழுவை இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

போகும்போது செருப்பு வாரை இடது கையால் மாட்ட முடியாமல் தடுமாறினார். குனிந்து மாட்டிவிட்டேன். "ஐயோ, நீ போயி..." என்று கூசினார்.

ஆகஸ்ட் 13, புதன்

உடைந்த கூட்டைப் பெனிஸ்டனின் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"ஏரலுக்குப் போயி அவர்ட்ட நேர்ல மன்னிப்புக் கேளுங்க. வீடியோவ எடுத்துருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"ஞாயித்துக்கிழம போவோம்" என்றார். உடனே சொன்னார். எனக்கே ஆச்சரியம். நல்ல மனசு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல மனசு! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அய்யாக்குட்டி அண்ணாச்சி கடையிலேயே இருந்தார். ஒற்றைக் கையால் பட்டன் தைக்கப் பழகிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் வாங்க ஆளனுப்பினார்.

பெனிஸ்டன் அவர் காலடியில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க. என்னால ஒரு தொழிலாளியோட கை..." குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர். அண்ணாச்சியும் அழுதுவிட்டார். நானும்தான் அழுதேன். ஆமாம், நானும்.

அப்புறம்தான் பார்த்தேன், தையல் மிஷின் மேல் நூல்கண்டுகளுக்கு நடுவில் போன் நட்டக்குத்தலாக நிற்கிறது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அவன் – இனிமேல் என்ன 'அவர்' – எழுந்துபோய்ப் போனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "அண்ணாச்சி, வெளிச்சம் பத்தல. கொஞ்சம் வாசப்பக்கம் திரும்பி உக்காருதியளா? இன்னொருக்க அதே மாதிரி..."

அவர் ஒன்றும் விளங்காமல், மரியாதைக்கு, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே வந்து அவனும் ஏறினான். பஸ்ஸில் அவன் உட்கார்ந்த இடத்தின் சூடு என் மேல் படாமல் ஜன்னல் ஓரம் ஒடுங்கிக்கொண்டேன். அவன் முழு வழியும் போனில் வீடியோவை வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் வந்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

'கண்ணீருடன் மன்னிப்பு' என்று போட்டிருக்கிறான். கீழே எல்லாரும் கும்பிடுகிறார்கள். "தங்கமான மனசு அண்ணா." ரீல் ஏன் உடைந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. விபத்து என்று சொல்லுகிறான். பாறை மீன் வீடியோ அப்படியே இருக்கிறது. வேல் ரீல் இன்னும் விற்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாறை மீன் வீடியோவுக்குக் கீழே நானே எழுதினேன்:

"இந்த ரீலைப் பற்றி நான் எதுவும் நல்லதாகச் சொல்லவில்லை. இதில் வருவது வேறு ரீலைப் பற்றி நான் பேசியது. இதன் உள்ளே தடுப்பு பேரிங்கின் கூடு பிளாஸ்டிக். பெரிய மீன் இழுத்தால் உடைந்து கைப்பிடி விரலை அடிக்கும். ஒருவருக்கு அடித்திருக்கிறது. வாங்கியவர்கள் இதைக் கொண்டு மீன் பிடிக்காதீர்கள். – ஜெப்ஸி பெனிஸ்டன், மில்லர்புரம்."

மத்தியானம் பார்த்தேன். இல்லை. ஆபீஸில் இருந்துகொண்டே அழித்துவிட்டான்.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடியும் எழுதினேன். மறுபடியும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதினேன். ராத்திரி சாப்பிடும்போது எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவன் போனை எடுத்தான், பெருவிரலால் ஒரு அமுக்கு, வைத்தான். மோர் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். இதுவும் ஒரு குடும்பம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தூண்டில் ராடு ஒன்று வந்தது. நுனி வளையத்தின் உள்பக்கம் கீறல். பஞ்சை உள்ளே விட்டு இழுத்தால் அதன் இழை சிக்குகிறது. அந்தக் கீறல்தான் ஒவ்வொரு தடவையும் நரம்பை அறுத்திருக்கிறது. கொண்டுவந்தவரோ நரம்பைக் குறை சொல்லி நாலு கடை மாற்றியிருக்கிறார். வளையத்தை மாற்றிக் கொடுத்தேன். இந்த வேலையில் மட்டும்தான் எனக்கு இப்போது மூச்சு சீராக வருகிறது.

எழுதினேன். இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இப்போது எழுதினாலும் விழவில்லை. என்னை அந்தச் சேனலிலிருந்தே தடுத்துவிட்டான். என் குரல் உள்ளே இருக்கிறது. நான் வெளியே.

எழுதிப்போட ஜாஸ்லினிடம் அவள் போனைக் கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்கு வேல்ராஜ் சிநேகிதம்க்கா..." என்று இழுத்தாள். வீட்டுக்காரரின் ரீலையாவது கடலுக்குக் கொண்டுபோகவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாமிக்குப் போனில் வீடியோ பெரிதாக வைக்கத் தெரியாது. கோயிலில் யாரோ மகன் அழுத வீடியோவைப் புகழ்ந்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு, "அதைக் கொஞ்சம் வச்சுக் குடு" என்றாள். வைத்துக் கொடுத்துவிட்டு வேலை மேஜைக்குப் போய்விட்டேன். அந்த அழுகைச் சத்தம் அங்கேயும் கேட்டது.

சத்தம் நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது. மறுபடியும்.

பிறகு மாமி என் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஏளா ஜெப்ஸி. இவனுக்கு அழுக வந்தா மொதல்ல மூக்கு செவக்கும். கொழந்தையில இருந்தே அப்படித்தான். அவுக அப்பா எறந்தன்னைக்கு மூக்கு மொளகாப்பழம் மாதிரி கெடந்துச்சு. இதுல செவக்கவே இல்ல."

கையிலிருந்த ரீலைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தையக்காரர் மூக்கு செவந்துருக்கு" என்றாள்.

அப்புறம் அந்தப் பாறை மீனைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். சாயத்தைப் பற்றியும் சொன்னேன். மாமி சேலைத் தலைப்பால் வாயை அழுத்தித் துடைத்தாள், ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. "நாலு வீட்டுக்குக் குடுத்தேனே" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் அவன் ஆபீஸ் போனதும் மாமி தன் போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "நீ எழுதினத இதுல எழுது."

அடித்துக் காட்டினேன். படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறேன் என்று திருத்தினாள். அப்புறம், "தா, கீழ நான் எழுதுதேன்" என்று வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். நான் ஒரு ரீலை முழுக்கக் கழற்றிக் கழுவித் துடைத்து முடிக்கிற நேரம் ஆயிற்று.

"மேலே கண்டது உண்மை. இந்த மீன் ஏலத்தில் வாங்கிய செத்த மீன். பெனிஸ்டனின் தாய், அற்புதமணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை."

அவன் சாயங்காலம் வந்தபோது போன் கையிலேயே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான். மாமி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நீங்களா எழுதினிய?"

"ஆமா. அழிக்கணும்னா அழி."

நின்றான். பெருவிரல் போன் மேலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "வீடியோவையே எடுத்துருதேன்" என்றான்.

"எடுக்காத. எடுத்தா நான் எழுதினதும் சேந்து போயிரும்லா? வாங்கினவன் எங்க போயிப் படிப்பான்?"

அவன் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேல்ராஜ் வாசலில் நின்று கத்தினான். குடும்பமாகச் சேர்ந்து கழுத்தறுத்துவிட்டோமாம். பெனிஸ்டன் வெளியே வரவில்லை. கதவை மூடவும் இல்லை. மாமிதான் வெளியே போய், "தம்பி, அதுல எந்த வரி தப்புன்னு சொல்லு, திருத்திருதேன்" என்றாள். போய்விட்டான்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜாஸ்லின் வீட்டுக்காரர் வேல் ரீலை எடுத்துக்கொண்டு வந்தார். கூட இன்னும் இரண்டு பேர். இதைச் சரிசெய்ய முடியாது, தூக்கிப்போடுங்கள் என்று சொல்லி, எந்த ரீலை, எதைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும் என்று காட்டினேன். ஏரலுக்குப் போன் செய்தேன். அண்ணாச்சிக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. தீபாவளித் துணியெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயிற்று. "ஒரு விரலு மடங்காதாம்மா. கத்தரி பிடிச்சிருவேன்" என்கிறார்.

ஏரலிலிருந்து வந்த ராத்திரி முதல் நான் கூடத்தில்தான் படுக்கிறேன். பெனிஸ்டன் புது வீடியோ எதுவும் போடவில்லை. நேற்றுச் சர்ச்சிலிருந்து நேரே ஏரலுக்குப் போயிருக்கிறான்; அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அங்கே என்ன பேசினான் என்று தெரியாது.

மாமி காலையில் ஜெபம் முடித்ததும் ஒரு தடவை, விளக்குப் போட்டதும் ஒரு தடவை தன் போனை எடுத்து அந்த வீடியோவுக்குக் கீழே பார்க்கிறாள். இப்போதும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"இருக்குளா."